சுழலும் ஸ்பீக்கரும் 10,000 ஓம் ரிலேயும்

மின்னணுவியல் பட்டயம், இரண்டாம் ஆண்டு மாணவன்



செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் வண்டியின் ஹாரனைக் கவனித்திருக்கிறீர்களா? நெருங்கி வரும்போது சுருதி ஏறியும், தாண்டிப் போனதும் சட்டென்று இறங்கியும் கேட்கும். இதுதான் நாம் முதலாண்டில் படித்த டாப்ளர் விளைவு. இதை ஒரு மரப்பெட்டிக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த டான் லெஸ்லி. 1935-ல் ஹாமண்ட் மின் ஆர்கன் வெளிவந்தது. பெரிய கூடத்தில் நிறைவாக ஒலித்த அந்த ஆர்கன், சின்ன வீட்டறையில் அவருக்கு உயிரில்லாமல் கேட்டது. 1940-களின் தொடக்கத்தில் ஒலியையே சுழலவிடும் ஸ்பீக்கர் பெட்டியைச் செய்தார். அதுவே லெஸ்லி ஸ்பீக்கர்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மேலே உயர் சுரங்களுக்குச் சுழலும் ஹாரன். கீழே தாழ்சுரங்களுக்கு 15 அங்குல ஸ்பீக்கர். அதன் அடியில் சுழலும் உருளை. ஹாரனுக்கு இரண்டு, உருளைக்கு இரண்டு என மொத்தம் நான்கு மோட்டார்கள். ஒரு ஜோடி மெதுவாகச் சுழற்ற, இன்னொரு ஜோடி வேகமாகச் சுழற்ற. வேகச் சுழற்சி நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று.

எந்த ஜோடிக்கு மின்சாரம் போக வேண்டும் என்று மாற்றிக் கொடுப்பதுதான் ரிலேயின் வேலை. லெஸ்லி 122 மாடலில் ஆர்கன் சுவிட்சிலிருந்து வரும் கட்டுப்பாட்டு மின்னழுத்தம், பெட்டியில் உள்ள 12ஏயு7 வால்வின் கிரிட்டுக்குப் போகிறது. அந்த வால்வின் பிளேட் மின்னோட்டம் ரிலே காயில் வழியாக ஓடுகிறது. "டிக்" என்று ரிலே இழுத்தால் ஒரு வேகம், விட்டால் மறு வேகம்.

நான் செய்த தப்பு

போன விடுமுறையில் மாமல்லபுரத்தில் ஒரு ஆம்ப்ளிபயர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். கோவளம் பக்கமிருந்து ஒரு கீபோர்டு கலைஞர் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். சுவிட்சை எப்படித் தட்டினாலும் ஒரே வேகம்தான். "டிக்" சத்தமே இல்லை. ரிலே காயிலை மல்டிமீட்டரில் பார்த்தேன், முள் அசையவில்லை. காயில் அறுந்திருந்தது. இதுவரை சரிதான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர், "காயில் எத்தனை வோல்ட் தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் டிப்ளமா படிக்கிறவன் தெரியாது என்று சொல்வதா? எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வெட்கப்பட்டு, "12 வோல்ட்" என்று சொல்லிவிட்டேன். நம் லேபில் எல்லாம் 12 வோல்ட்தானே! இரண்டு நாள் கூலி போயிற்று. ரிலேயை மாட்டினேன். அசையவே இல்லை.

ஓனர் அண்ணன் திட்டவில்லை. பழைய ரிலேயைக் கையில் கொடுத்து, "மேல என்ன எழுதியிருக்குன்னு படிடா" என்றார். 10,000 ஓம் என்று இருந்தது. அதை நான் முன்பே பார்த்தேன், பொருட்படுத்தவில்லை.

கணக்கைப் பாருங்கள்

வால்வு வழியாக வருவது 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் ரிலே காயில் 400 ஓம் என்றால் அது இழுக்க 30 மில்லி ஆம்பியர் வேண்டும். 10 மில்லி ஆம்பியர் ஓடினால் காயிலில் விழுவது வெறும் 4 வோல்ட். எப்படி இழுக்கும்? அதே மின்னோட்டம் 10,000 ஓம் காயிலில் ஓடினால் 100 வோல்ட் கிடைக்கும். தொழிற்சாலை கண்ட்ரோல் பேனல்களில் பயன்படும் 110 வோல்ட் டிசி ரிலேயின் காயில் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். ஓம் விதியைப் பரீட்சைக்குப் படித்தேன், அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த முறை பழைய ரிலேயைப் பையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் சுமார் 400 வோல்ட் தங்கியிருக்கலாம். ஒரு மின்தடை வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் சோதித்த பிறகே கை வையுங்கள்.

2. "டிக்" சத்தம் வந்தும் மோட்டார் மாறவில்லை என்றால் காயிலைக் குறை சொல்லாதீர்கள். காண்டாக்டைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல் பூச்சு போய்விடும். கிளீனர் தடவிய காகிதத் துண்டைக் காண்டாக்டுகளுக்கு இடையே இழுத்தாலே போதும்.

3. காண்டாக்டுக்குக் குறுக்கே உள்ள கண்டென்சரை விட்டுவிடாதீர்கள். அது தீப்பொறியையும் ஸ்பீக்கரில் வரும் "டப்" சத்தத்தையும் அடக்கும். மாற்றினால் எக்ஸ்2 வகை போடுங்கள்.

4. அமெரிக்கப் பெட்டி 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் 400 சுற்று ஏறத்தாழ 333 ஆகிவிடும். அது ரிலேயின் குற்றமல்ல.

இரண்டாவது ரிலேயைப் பொருத்தியதும் "டிக்" என்றது. ஹாரன் மெல்ல வேகம் பிடித்தது. அந்தக் கலைஞர் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தார். கடை முழுக்க ஒலி சுற்றி வந்தது.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாமல்லபுரத்தில் கல் சிற்ப வேலை செய்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. "நாற்பது வருசமா உளி புடிக்கிறேன். இன்னிக்கும் கல்லைத் தட்டி, சத்தம் கேட்டுட்டுதான் வேலைய ஆரம்பிப்பேன். உனக்குத் தெரியலன்னா கேக்குறதுக்கென்னடா வெக்கம்?" என்றார்.

நண்பர்களே, ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் கேட்டபோது "தெரியாது அண்ணே, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால் என் இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும். அந்த 12 வோல்ட் ரிலே இன்னும் என் மேசையில் இருக்கிறது. லேபில் யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், தருகிறேன்.