கோ ஆட்டத்தில் உயிரும் இறப்பும்

சதுரங்கம் பயின்ற மாணாக்கர் கோ பலகையின் முன் அமரின் முதலில் திகைப்பே எய்துவர். இங்கே அரசனில்லை, மந்திரியில்லை, எல்லாக் கற்களும் ஒரே தன்மையன. நெடுக்கே 19 கோடும் குறுக்கே 19 கோடும் கூடும் 361 சந்திகளே களம். நம்மவரின் ஆடுபுலியாட்டத்திற் போலக் கற்களைச் சந்திகளிலேயே வைத்தல் வேண்டும். ஆயின் ஒருமுறை வைத்த கல் பின் நகராது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சீனத்தில் வழங்கிவரும் இவ்வாட்டத்தை அந்நாட்டார் வெய்ச்சி என்றும், கொரியர் படுக் என்றும் அழைப்பர். கோ என்பது யப்பானியர் இட்ட பெயர்.

விதிகள் ஒரு நாழிகையிற் கற்றுக்கொள்ளத் தக்கன. கல்லை ஒட்டிய வெற்றுச் சந்தியைச் சீனர் மூச்சு என்பர். ஒரு கூட்டத்தின் மூச்செல்லாம் பகைவன் கற்களால் அடைபடின், அக்கூட்டம் பலகையினின்றும் நீக்கப்படும். உள்ளே ஒரு வெற்றிடம் மாத்திரம் உடைய கூட்டத்தைப் பகைவன் புறத்தே முற்றாகச் சூழ்ந்து, இறுதியில் உள்ளேயும் கல் வைத்துக் கவர்வான். வேறுவேறான இரண்டு வெற்றிடங்கள் இருப்பின் அவன் ஒன்றை அடைத்தாலும் மற்றொன்று மூச்சாக நிற்கும். அடைக்க வைத்த கல்லே மூச்சற்றதாகுமாதலால் அதனை வைக்கவும் இயலாது. இவ்விரண்டையும் கண்கள் என்பர். இரு கண் உடைய கூட்டம் என்றும் இறவாது.

இத்துணை எளிய விதி ஆட்டத்தில் எத்துணை அரிதாகின்றது! நாம் பொழுதுபோக்காக ஆடியும், ஆர்வமுடையோர்க்குக் கற்பித்தும் வந்த அளவிற் கண்டது ஒன்றுண்டு. புதியோர் தோற்பது பெரும்பாலும் கற்களை இழப்பதால் அன்று. இறந்த கற்களைக் காக்க முயல்வதாலேயாம். ஒரே மூச்சுடன் அகப்பட்ட கல்லை ஒருவன் நீட்டுவான், இரு மூச்சு உண்டாகும், பகைவன் ஒன்றை அடைப்பான், மீண்டும் நீட்டுவான். படிக்கட்டுப் போல வளைந்து வளைந்து ஓடும் அவ்வரிசை, வழியில் தன் துணைக்கல் இல்லையாயின் பலகையின் விளிம்பை முட்டி முழுவதும் அழியும். ஒரு கல்லை விட்டிருந்தால் வேறோர் மூலை கிடைத்திருக்கும். சிறுவர் இதனை எளிதில் நம்பார். பெரியோரோ சிறிதும் நம்பார். ஆதலின் தொடக்கத்தில் 9 கோட்டுச் சிறு பலகையையே நாம் கொடுப்போம். அதில் தவறும் விரைவில் வெளிப்படும். அடுத்த ஆட்டமும் விரைவில் வரும்.

தமிழாசிரியர்க்கு மகிழ்வூட்டும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றோம். இருவரும் ஒரே இடத்தில் மாறிமாறி ஒரு கல்லைக் கவரும் நிலை நேரின், கவரப்பட்டவர் வேறிடத்தில் ஒரு கல் வைத்த பின்னரே மீளக் கவரலாம். முடிவின்றிச் சுழலும் இந்நிலைக்கு யப்பானியர் வழங்கும் பெயரும் தமிழெழுத்தில் கோ என்றே அமையும். ஆயினும் அது வேறு சொல். பௌத்தர் வாயிலாகச் சீனம் புக்க வடசொல்லாகிய கற்பத்தின் திரிபு.

தரவேறுபாடு உடையோரும் நேர்மையாகப் பொருதுவதற்கு இதில் வழியுண்டு. கற்போர் 30 ஆம் கியூவில் தொடங்கி 1 ஆம் கியூவை அடைந்து, பின் 1 ஆம் டானிலிருந்து மேலேறுவர். இருவர்க்கிடையே எத்தனை தரமோ, மெலியவர் அத்தனை கற்களை, 9 வரை, முன்னரே வைத்துக்கொள்வார். சமமானவர் ஆடுங்கால் முதலில் ஆடும் கறுப்பின் நயத்துக்கு ஈடாக வெள்ளைக்கு யப்பானில் ஆறரைப் புள்ளி கொடுப்பர்.

கணனி இவ்வாட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. 2016 மார்ச்சில் சியோல் நகரில் அல்பாகோ என்னும் நிரல், கொரியாவின் பெருவல்லுநர் லீ செடோலை ஐந்தில் நான்கு ஆட்டங்களில் வென்றது. எனினும் 2023 இல் ஐக்கிய அமெரிக்கரான கெலின் பெல்ரின், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர், கட்டாகோ என்னும் வலிய நிரலை 15 ஆட்டங்களில் 14 இல் வென்றார். அவ்வழியைக் கண்டறிந்து கொடுத்தது வேறொரு நிரலே. ஆயினும் ஆடும்போது அவருக்குக் கணனியின் துணை இல்லை. நிரலின் கற்கள் வளையமாக இணையுமாறு விட்டு, ஏனைய மூலைகளில் அதன் கவனத்தை ஈர்த்துக்கொண்டே, அவ்வளையத்தைப் புறத்தே மெல்லமெல்லச் சூழ்ந்தார். சூழ்தல் முற்றுப்பெறும் தறுவாயிலும் தன் கூட்டம் உயிரோடிருப்பதாகவே நிரல் கொண்டிருந்தது.