பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்

கேள்வி: ஐயா, எனக்கு வீடு மணவாள நகரில். பூண்டிப் பக்கம் கொஞ்சம் நிலம், மாந்தோப்பு, அதில் ஓர் அறை. மின் இணைப்பு கிடையாது. சோலாரில்தான் மூன்று ஃபேன், விளக்கு, இரண்டு கேமரா, மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரின் சார்ஜர் எல்லாம் ஓடுகின்றன. 540 வாட் பேனல் இரண்டு இருக்கின்றன. ட்யூபுலர் பேட்டரி இரண்டும் செத்துவிட்டன. 25.6 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி போடலாம் என்கிறான் பையன். இப்போதிருக்கும் 30 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரே லித்தியத்துக்கும் போதும் என்கிறார் ஒரு கடைக்காரர். இன்னொருவர், '100 வோல்ட், 50 ஆம்பியர்' எம்.பி.பி.டி. வாங்கி இரண்டு பேனலையும் சீரிஸில் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அப்படியே அரை ஹெச்.பி. மோட்டாரையும் இதில் ஓட்ட முடியுமா?
— வாசகர், மணவாள நகர்

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே செய்துவிடாதீர்கள். இருவருமே ஆம்பியரைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். கன்ட்ரோலரைக் கொல்வது பெரும்பாலும் வோல்ட்.

தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் வி.ஓ.சி. என்று ஒரு வரி இருக்கும். பேனலில் எதையும் இணைக்காமல் வெயிலில் வைத்தால் வரக்கூடிய வோல்ட் அது. இப்போது விற்கும் 540 வாட் பேனல்களில் இது 49.5 வோல்ட்டை ஒட்டியே இருக்கிறது. இரண்டை சீரிஸில் போட்டால் 99. பெட்டியில் 100 என்று போட்டிருக்கிறது, ஒரு வோல்ட் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லேபிளில் உள்ள எண் 25 டிகிரிக்குக் கணக்கிட்டது. பேனல் குளிரக் குளிர வோல்ட் ஏறும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.28 சதவீதம். உங்கள் ஊரில் தை மாதக் காலையில் 18 டிகிரி என்பது சாதாரணம். ஏழு டிகிரி குறைந்தால் இரண்டு சதவீதம் ஏறி 99 வோல்ட் 101 ஆகிவிடும். பேட்டரி நிறைந்து கன்ட்ரோலர் கரண்ட் இழுக்காமல் நிற்கும் குளிர்ந்த காலையிலும், விடிந்து அது வேலையைத் தொடங்குமுன்னும் இந்த முழு வோல்ட்டும் அதன் வாயிலில் வந்து நிற்கும். ஆம்பியர் கூடினால் நல்ல எம்.பி.பி.டி. தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு 50 ஆம்பியரோடு நிறுத்திவிடும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. வோல்ட் மீறினால் உள்ளே ஸ்விட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் போய்விடும். வாரண்டியிலும் மாற்றித் தரமாட்டார்கள்.

பழைய பி.டபிள்யூ.எம். பெட்டிக்கும் இதே ஆபத்துதான். 12/24 வோல்ட் பி.டபிள்யூ.எம். பெட்டிகளில் பலவற்றின் பேனல் பக்க வரம்பு 50 வோல்ட். பேனல்களைப் பேரலலில் போட்டாலும் 49.5 வோல்ட் அதே தைக் காலையில் 50.5 ஆகும். இதுவரை தப்பித்திருக்கிறது என்றால் சந்தோஷம், ஆனால் புதுப் பேட்டரியை அதை நம்பி விடவேண்டாம்.

பி.டபிள்யூ.எம்.மில் நஷ்டமும் இருக்கிறது. அது பேனலைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்துவிடுகிற ஒரு ஸ்விட்ச். பேட்டரி 26.5 வோல்ட்டில் இருந்தால் பேனலும் அதே வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பேனல் தருவது 13 அல்லது 13.5 ஆம்பியர், ஆகவே 540 வாட் பேனலிலிருந்து 360 வாட்தான் கைக்கு வரும். எம்.பி.பி.டி. பேனலை அதற்குத் தோதான வோல்ட்டில் ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குத் தருகிறது. ஆனால் கடைகளில் சொல்வதுபோல் இரண்டு மடங்கெல்லாம் வராது. சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிவரை சுடும், அப்போது அதன் சக்தியே 14 சதவீதம் போல விழுந்துவிடும். அதையும் கழித்தால் பேனலுக்கு 445 வாட் கிடைக்கும். நல்ல வெயிலில் இரண்டுக்கும் சேர்த்து 170 வாட் கூடுதல். பூண்டிப் பக்கத்துக் கார்த்திகை மாத மேகமூட்டத்தில், சேர்த்த ஒவ்வொரு வாட்டும் இரவில் கேமராவுக்கு உதவும். என் பரிந்துரை எம்.பி.பி.டி.தான்.

எந்த எம்.பி.பி.டி. என்பதை உங்கள் பேனலுக்கும் அறைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது தீர்மானிக்கும். பேனல்கள் அறையின் கூரைமேலேயே இருந்தால் இரண்டையும் பேரலலில் போட்டு 100 வோல்ட், 50 ஆம்பியர் பெட்டியை வாங்குங்கள். 50 வோல்ட் வந்தாலும் பாதி வரம்புதான், பயமில்லை. வெயிலில் பேனல் 36 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 24 வோல்ட் பேட்டரியை நிரப்ப அது போதும். பேனல்கள் தள்ளி வெட்டவெளியில் ஸ்டாண்டில் நிற்கின்றன என்றால் கதை வேறு. 20 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் ஒரு ஜோடி இழுத்து, இரண்டு பேனலின் 27 ஆம்பியரையும் அதில் விட்டால் வயரிலேயே 5 வோல்ட் தின்றுவிடும். 130 வாட்டுக்கு மேல் சூடாகிப் போகும். எம்.பி.பி.டி.யால் கூடிய லாபத்தில் முக்கால்வாசி அதோடு தீர்ந்தது. அதே வயரில் சீரிஸ் போட்டால் நஷ்டம் 35 வாட்தான். அப்படிச் செய்வதாக இருந்தால் 150 வோல்ட் வரம்புள்ள கன்ட்ரோலர் வேண்டும். பின்னால் நான்கு பேனல் ஆக்கினாலும் இரண்டிரண்டாக சீரிஸ் போட்டு அதிலேயே சேர்க்கலாம். விலை கொஞ்சம் கூடும், ஆனால் உங்கள் இடத்தில் நான் அதைத்தான் வாங்குவேன்.

ஆம்பியருக்கு ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன 890 வாட்டை 26.5ஆல் வகுத்தால் 33, 34 ஆம்பியர். 40 ஆம்பியர் பெட்டியே போதும், 50 இருந்தால் சூடில்லாமல் ஓடும். 100 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 50 ஆம்பியர்வரை சார்ஜ் ஏற்றுவது வழக்கமான வரம்புக்குள்தான்.

இனி பேட்டரி. பையன் சொன்ன 25.6 என்ற எண்ணே, எட்டு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்று சொல்லிவிடுகிறது. 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்எனஃப் குழுவினர் கட்டுரையாக வெளியிட்ட வேதியியல் இது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் நம் நாட்டுக்காரரான பாதி என்பவருடையது. சூட்டைத் தாங்குவதிலும் எளிதில் தீப்பிடிக்காததிலும் மற்ற லித்தியம் வகைகளைவிட இது மேல். தோட்டத்து அறைக்கு இதுதான் சரி. 25.2 என்றோ 25.9 என்றோ எழுதிய பேட்டரியைக் காட்டினால் அது வேறு வகை, அதன் செட்டிங்கும் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கன்ட்ரோலரின் மேலே 'லித்தியம்' என்று ஸ்டிக்கர் இருப்பதை நம்பி விட்டுவிடாமல், எண்களை நீங்களே மாற்ற முடிகிற பெட்டியா என்று பாருங்கள். ட்யூபுலர் பேட்டரிக்கு மாதம் ஒருமுறை 30 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி ஒரு கொதி கொதிக்கவிடுவார்கள். ஈக்வலைஸ் என்று பெயர். உங்கள் லித்தியத்தின் உச்சமே 29.2. ஈக்வலைஸை முற்றாக அணைத்துவிடுங்கள். முழுச் சார்ஜ் 28.4, ஃப்ளோட் 27.0 என்று வையுங்கள். பேட்டரி கம்பெனி கொடுத்த தாளில் வேறு எண் இருந்தால் அந்தத் தாள்தான் கடைசி வார்த்தை. 'டெம்பரேச்சர் காம்பன்சேஷன்' என்று ஒன்று இருக்கும், அதைப் பூஜ்யமாக்குங்கள். அது ஈயப் பேட்டரிக்கானது. அறை சூடாகச் சூடாக வோல்ட்டைத் தானே குறைத்துக்கொண்டே போகும். உங்கள் மாவட்டத்துத் திருத்தணி மே மாதம் எத்தனை முறை 40 டிகிரியைத் தாண்டுகிறது என்று பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் அது அரை வோல்ட், ஒரு வோல்ட் குறைத்துவிட்டால் லித்தியம் உச்சிவரை நிறையாது. எட்டு செல்களையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையை, பேட்டரிக்குள் இருக்கும் காப்பு மின்சுற்றான பி.எம்.எஸ். அந்த உச்சியில்தான் செய்கிறது. உச்சிக்கே போகாத பேட்டரியில் செல்கள் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போகும். 12/24 தானாகக் கண்டுபிடிக்கும் வசதியையும் விட்டுவிட்டு, 24 என்று கையால் வையுங்கள்.

'அதான் பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்' என்று கடையில் சொல்வார்கள். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். பி.எம்.எஸ். கடைசிக் காப்பு, தினசரி நிறுத்தும் ஸ்விட்ச் அல்ல. உச்சி வெயிலில் 30 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போது அது படக்கென்று துண்டித்தால், கன்ட்ரோலரிலிருந்து வந்துகொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இன்வர்ட்டர்தான். மலிவான கன்ட்ரோலராக இருந்தால் வோல்ட் எகிறி இன்வர்ட்டரைப் பதம் பார்த்துவிடும். கன்ட்ரோலர் 28.4இல் நின்றுவிட்டால் அந்த நிலையே வராது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாதிரி நாள்கணக்கில் சூரியனே தெரியாமல் போனால், கேமராவும் இன்வர்ட்டரும் பேட்டரியை அடிவரை காலி செய்துவிடும். பி.எம்.எஸ். வாசலைச் சாத்திக்கொள்ளும். வெயில் வந்த பிறகும் பல கன்ட்ரோலர்கள் உயிர்பெறாது, காரணம் அவை பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துத்தான் விழிக்கின்றன. பேட்டரிப் பக்கம் பூஜ்யம் காட்டினாலும் பேனல் கரண்டிலேயே எழுந்து பேட்டரியை எழுப்பும் வசதி உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள். கூடவே 24.5 வோல்ட்டில் லோடை நிறுத்திவிடும்படி இன்வர்ட்டரிலும் வையுங்கள்.

எம்.பி.பி.டி. என்று அச்சடித்த பெட்டிக்குள் பி.டபிள்யூ.எம். போட்டு விற்பதும் நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரு மல்ட்டிமீட்டர் போதும். பேட்டரி பாதிகூட நிறையாத ஒரு நாளில், மதியம் 12 மணிக்கு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் மீட்டரை வையுங்கள். பேரலல் இணைப்பில் 35, 36 வோல்ட் காட்டினால் நல்ல பெட்டி. பேட்டரியின் 26 வோல்ட்டையே அங்கும் காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள், அன்றே திருப்பிக் கொடுங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரியும். 50 ஆம்பியர் எம்.பி.பி.டி.யில் செம்புச் சுருளும் அலுமினிய முதுகும் இருக்கவேண்டும். சட்டைப் பையில் போகிற கனத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். நடுவில் போடும் எம்.சி.பி. டி.சி.க்கானதாக இருக்கட்டும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யால் டி.சி. தீப்பொறியை அணைக்க முடியாது, அதுவே எரியும். கன்ட்ரோலரைச் சுவரில் நிமிர்த்தி மாட்டி, மேலும் கீழும் ஒரு சாண் இடம் விடுங்கள். பேட்டரி தகரக் கூரைக்கு அடியில் வேண்டாம், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குறையும். பழைய ட்யூபுலரில் ஒன்றைத் தேற்றி லித்தியத்தோடு சேர்த்துப் போடும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அவை எடைக்கு விலை போகும், ஈயம் வெளியே சிந்தாமல் பதிவுபெற்ற இடத்தில் கொடுங்கள்.

மோட்டார் விஷயம். அரை ஹெச்.பி. என்பது 370 வாட்தானே என்று தோன்றும், ஆனால் கிளம்பும் நொடியில் நாலைந்து மடங்கு இழுக்கும். தாங்குகிற பெரிய இன்வர்ட்டர் இருந்தால் ஓடும்தான், ஆனால் இரவுக்கு வைத்திருக்கும் 2.5 யூனிட்டைத் தண்ணீரில் கரைக்காதீர்கள். தண்ணீருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் தரும் சூரியசக்தி பம்புசெட்டுக்கு மனுப் போடுங்கள், திருவள்ளூரில் அவர்கள் அலுவலகம் இருக்கிறது. அது தனிப் பேனலில், பேட்டரியே இல்லாமல், வெயில் இருக்கும் நேரம் நேராக ஓடும். இந்தக் கன்ட்ரோலருக்கும் அதற்கும் சம்பந்தமே வேண்டாம்.