மீன் குட்டையில் குஞ்சு குறைவது யாரால்?

ஆவடி, திருமழிசை, பூந்தமல்லி வட்டாரங்களில் பத்து, இருபது சென்டில் குட்டை வெட்டி மீன் வளர்க்கும் சிறு விவசாயிகளிடம் ஒரு குறை அடிக்கடி காதில் விழுகிறது. விட்ட குஞ்சுக்கும் பிடித்த மீனுக்கும் கணக்கு ஒத்துவருவதில்லை. உடனே, "நீர்நாய் புகுந்துவிட்டது" என்பார்கள்.

நீர்நாய் மீன் தின்னும் விலங்குதான். ஆனால் அதன் இருப்பிடம் காவிரி, மோயாறு போன்ற ஆறுகள். அது வந்திருந்தால் கரையில் ஐந்து விரல் தடமும், செதிலும் முள்ளும் கலந்த எச்சமும், தின்று மிஞ்சிய மீன் துண்டும் கிடக்கும். நான்கு விரல் தடம் என்றால் அது ஊர் நாய்.

நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது நீர்க்காகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டை நிரம்புகிறது. நாம் குஞ்சு விடுகிறோம். வேடந்தாங்கலில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும் அந்தப் பருவத்தில்தான். பங்குனி, சித்திரையில் சிற்றேரிகள் வற்றும்போது, தண்ணீர் மிஞ்சியுள்ள குட்டையைத் தேடி இவை கூட்டமாக இறங்கும்.

சிறிய நீர்க்காகம் சுமார் அரை கிலோ எடையுள்ளது. ஒரு நாளைக்கு நூறு கிராம் மீன் தின்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அங்குலக் குஞ்சு ஒரு கிராம் அளவுதான் இருக்கும். ஆக நூறு குஞ்சு போயிற்று. நான்கு அங்குலக் குஞ்சு ஏறத்தாழ பத்து கிராம். அதே வயிற்றுக்குப் பத்தே போதும். ஐந்நூறு குஞ்சு விட்ட குட்டையில் இந்த வித்தியாசம்தான் லாபமும் நஷ்டமும். விலை மலிவு என்று பொடிக் குஞ்சை வாங்கி நேரே குட்டையில் கொட்டுவது பறவைக்குத் தீனி போடுவதாகும். பொடிக் குஞ்சுதான் கிடைத்தது என்றால், குட்டைக்குள்ளேயே நான்கு கழி நட்டு, கொசுவலைத் துணியில் தொட்டிபோல் கட்டி, மேலேயும் மூடி, நான்கு அங்குலம் வளர்த்த பிறகு திறந்து விடுங்கள்.

பட்டாசு, பொம்மை எல்லாம் சில நாளைக்குத்தான். பிறகு பறவை பழகிவிடும். குட்டையின் குறுக்கே கை அகல இடைவெளியில் நைலான் கயிறு இழுத்துக் கட்டினால் இறங்கவும் எழும்பவும் தடையாகும். தொய்வான வலையைப் போர்த்தாதீர்கள். பறவை சிக்கிச் சாகும். சீமைக்கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாக நீருக்குள் அமிழ்த்தி வைத்தால் மீன் ஒளிய இடம் கிடைக்கும். இரவில் வலை வீசும் இரண்டு கால் திருடனுக்கும் அது தொல்லை! விஷம் வைப்பதோ, கண்ணி வைப்பதோ கூடாது. நீர்நாயும் நீர்க்காகமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

வெளியே வரும் எதிரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத எதிரி உள்ளே இருப்பான். அது விரால். நல்ல விலை போகும் மீன்தான். ஆனால் கட்லா, ரோகு குஞ்சுகளோடு விட்டால் அவற்றையே தின்று கொழுக்கும். காற்றை நேரே சுவாசிப்பதால், நீரை இறைத்தாலும் சேற்றில் உயிரோடு கிடக்கும். ஏரிக் கால்வாய் நீரோடு புதிதாகவும் வந்து சேரும். நீர் புகும் வாயில் நெருக்கமான வலை கட்டாயம் வேண்டும்.

குட்டையை முழுக்கக் காயவிட முடியாதவர்கள், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சென்டுக்குப் பத்து கிலோ. முழங்கால் அளவே நீர் இருந்தால் பாதி போதும். விரால், கெளுத்தி மயங்கி மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். அந்த நாட்களில் மாடுகளை அங்கே தண்ணீர் காட்டாதீர்கள். பின்னர் புண்ணாக்கு மட்கி உரமாகும். மூன்று வாரம் கழிந்ததும் பத்துக் குஞ்சுகளைத் துணித் தொட்டியில் விட்டு ஒரு நாள் பாருங்கள். அவை துடிப்பாக இருந்தால் மற்றவற்றை விடலாம். ஐயம் இருப்பின் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் கேட்டு அறியலாம்.