சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறைபாட்டால் தோன்றுவது. அம்மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. இந்நோயில் நுரையீரல் சளி பசைபோல் இறுகுகிறது. அதில் கிருமிகள் தங்கி மூச்சுக்குழாய்களைச் சிதைக்கின்றன. நம் நாட்டில் இது காசநோயாகவோ ஆஸ்துமாவாகவோ தவறாகக் கருதப்படுவதுண்டு; வியர்வையிலுள்ள குளோரைடு அளவைப் பார்க்கும் பரிசோதனை ஐயம் தீர்க்க உதவும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதற்குச் சிறப்புச் சிகிச்சை உண்டு.

மருந்துடன் அன்றாடப் பயிற்சியும் இன்றியமையாதது. அதன் முறை:

1. நிமிர்ந்து அமர்ந்து, தோள்களைத் தளர்த்தி, அமைதியாக மூச்சு விடவேண்டும்.
2. ஆழ்ந்து மூச்சை இழுத்து, 3 நொடி நிறுத்தி, மெல்ல விடவேண்டும். இவ்வாறு 3 அல்லது 4 முறை.
3. மீண்டும் சிறிது நேரம் அமைதியான மூச்சு.
4. கண்ணாடியில் ஆவி படியச் செய்வதுபோல், வாய் திறந்து 'ஹா' என ஓரிரு முறை மூச்சைத் தள்ளவேண்டும். சளி மேலே வந்ததும் இருமித் துப்பவேண்டும்.

சளி குறையும்வரை இச்சுற்றைத் திரும்பச் செய்க. உணவுக்கு முன் செய்வது நன்று. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைப் பயிற்சிக்கு முன்பும், உள்ளிழுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைப் பின்பும் எடுக்கவேண்டும். கைக்குழந்தைக்கு வேறு முறை உண்டு; தலைகீழாகச் சாய்த்துத் தட்டுதல் கூடாது.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் பெற்றோர் ஷிப்டு மாறிப் பணிபுரியும் இல்லங்களில், தாத்தா பாட்டியும் இப்பயிற்சியைக் கற்றிருத்தல் நலம். குழந்தை நலமாகத் தோன்றும் நாளில்தான் பயிற்சி பெரும்பாலும் விட்டுப்போகிறது. அன்றும் சளி உள்ளே தேங்கிக்கொண்டுதான் இருக்கும். இருமலை அடக்கும் மருந்தைத் தாமாக வாங்கித் தரவேண்டா. சளியில் இரத்தம் கண்டாலோ மூச்சுத்திணறல் மிகுந்தாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வருக.