கிரிவலப் பாதையில் தெருவார் நடத்தும் அன்னதானம்

தர்மம் செய்ய மனம் இருந்தால் மட்டும் போதாது. அதை ஒழுங்குடன் நடத்தும் முறையும் வேண்டும். பலர் கூடிச் செய்யும் காரியம் பெரும்பாலும் பணக்குறைவினால் கெடுவதில்லை. பொறுப்பு இன்னாருடையது என்று வகுக்காமையாலும், கணக்கு வெளியிடாமையாலுமே கெடுகிறது. திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும், விசேஷமாகக் கார்த்திகைத் தீபத்தன்றும், ஜனங்கள் தாமே முன்வந்து நடத்தும் அன்னதானத்தைக் கொண்டு இதனை ஆராய்வது பயன் தரும்.

மலையைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. கோயிலிலிருந்து புறப்படுவோர் செங்கம் சாலையில் அக்கினி லிங்கத்தைக் கடந்து, ரமணாசிரம வாயிலின் வழியாக யம லிங்கத்தை நோக்கி நடப்பர். திருவிழாவின் பத்தாம் நாள் மாலை 2,668 அடி உயரமுள்ள மலையுச்சியில் மகா தீபம் ஏற்றப்படும்போது லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். இரவு முழுவதும் நடப்போருக்கு வழியில் உணவும் நீரும் அளிப்போர் பலர், கூலி பெறாத தொண்டர்களே.

ஒரு தெருவார் நாற்பது குடும்பத்தினர், தலைக்கு 250 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் சேர்த்து ஒரு பந்தல் போட்டனர் என்று கொள்வோம். அவர்கள் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. பொறுப்பு. காரியதரிசி ஒருவர், பொக்கிஷதார் ஒருவர், கணக்கைப் பரிசோதிப்பவர் ஒருவர் என மூவரை முதற்கூட்டத்திலேயே தெரிந்தெடுத்தல் வேண்டும். பணத்தை வைத்திருப்பவரே கணக்கைப் பரிசோதித்தல் கூடாது. சமையல், பரிமாறுதல், தண்ணீர், வரிசை, துப்புரவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரும், நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்று ஆட்களும் அவசியம். களைத்த தொண்டர் கடுஞ்சொல் பேசுவார்; பசித்து வந்தவர் மனம் நொந்து போவார்.

2. அனுமதி. அன்னதானம் செய்ய விரும்புவோர் மாவட்ட நிர்வாகத்தினிடமும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும் விசாரித்து முன்கூட்டியே அனுமதி பெறுதல் வேண்டும். குறித்துக் கொடுத்த இடத்திலன்றிப் பாதையின் நடுவே பந்தல் போடலாகாது. நெரிசலில் ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தால் அவரை எடுத்துச் செல்லும் வண்டிக்கு வழி வேண்டுமன்றோ?

3. உணவு. ஒரு கிலோ அரிசியில் சுமார் பத்துப் பேருக்குக் கலந்த சாதம் அளிக்கலாம். ஆயிரம் பேருக்கு 100 கிலோ தேவை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் சமைத்து வைத்தல் பெருந்தவறு. அரிசியிலுள்ள சில கிருமிகளின் வித்துக்கள் கொதியிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி விஷத்தை உண்டாக்கும். மறுபடியும் சூடாக்கினாலும் அவ்விஷம் நீங்காது. ஆகையால் சிறு சிறு தவணைகளாகச் சமைத்து, சூடாகவே பரிமாறி, நான்கு மணி நேரத்திற்குள் தீர்த்துவிடுவது உத்தமம். மீந்ததை மறுநாளைக்கு வைத்தல் தர்மமாகாது.

4. துப்புரவு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, பை முதலியவை தடை செய்யப்பட்டுள்ளன. தொன்னையும் மந்தார இலையும் இருக்க அவை எதற்கு? குப்பைத் தொட்டியைப் பந்தலருகில் மட்டும் வைப்பதால் பயனில்லை. யாத்ரீகர் பெற்றுக்கொண்டு நடந்தவாறே உண்பர். ஐம்பது அடி தூரம் சென்ற பின்னரே தொன்னை காலியாகும். எனவே அவர்கள் செல்லும் திசையில் ஐம்பதாவது, நூறாவது அடிகளில் தொட்டிகள் வைத்தல் வேண்டும். இல்லையேல் எச்சில் இலை குரங்குக்கும் மாட்டுக்கும் உணவாகி, வெறுங்காலுடன் பின்வருவோரை வழுக்கி விழச் செய்யும்.

5. சமத்துவம். தெரிந்தவருக்கு நாற்காலியும் தெரியாதவருக்கு வரிசையும் என்றால் அது அன்னதானம் அன்று. இதற்கு உதாரணம் அவ்விடத்திலேயே உண்டு. 1922-ல் தம் தாயாரின் சமாதியருகே வந்து தங்கிய ரமண மகரிஷி (1879–1950), பல வருஷங்கள் விடியற்காலையில் சமையலறையில் அமர்ந்து காய் நறுக்கினார்; பந்தியில் பிறருக்குக் கிடைக்காத எதையும் தமக்கென்று ஏற்க மறுத்தார். சாதுக்களுக்கு நாள்தோறும் உணவளிக்கும் வழக்கம் அவ்வாசிரமத்தில் இன்றும் நடைபெறுகிறது.

6. கணக்கு. மேற்சொன்ன தெருவார்க்குச் செலவு 9,400 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். மிச்சம் 600. அதைப் பொக்கிஷதார் நேர்மையாகவே தம் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் கூட்டம் கூட்டி அவர் அதைச் சொல்லவில்லை. மாதம் ஒன்று சென்றதும் அந்த 600 ஊர் வாயில் ஆறாயிரமாக வளரும். மறு வருஷம் பாதிப் பேர் பணம் தரார். மீதிப் பேர் வரார். திருடன் ஒருவனும் இன்றியே ஒரு நற்காரியம் அழிந்துபோகும். நேர்மையான ஒருவர் பழியும் சுமப்பார். திருவிழா முடிந்த ஏழு நாட்களுக்குள் ரசீதுகளுடன் வரவு செலவை வாசித்து, தெருக்கோடியில் எழுதி ஒட்டினால் இத்தீங்கு நேராது.

இது அயல்நாட்டார் கற்பித்த புதுமை அன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலை முறையால் வாரியத்திற்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவற்றுள் ஒன்று. ஏரியையும் தோட்டத்தையும் பொதுவில் காத்த நம் முன்னோர், பொதுப்பணத்தில் நம்பிக்கைக்குக் கணக்கே வேலி என்று உணர்ந்திருந்தனர்.

ஆதலின் கடைசித் தொன்னையைக் கொடுத்தவுடன் அன்னதானம் நிறைவேறிற்று என்று எண்ணலாகாது. பாதையைப் பெருக்கி, பாத்திரங்களை உரியவரிடம் ஒப்புவித்து, கணக்கைச் சபையில் வாசித்த பின்னரே அது நிறைவேறியதாகும். அவ்வாறு செய்யும் தெருவில் அடுத்த தீபத்திற்குத் தொண்டரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. அவர்கள் தாமே வருவர்.