பாக்கெட்டின் நிறம் பார்க்கும் திரை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

மளிகைக் கடைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போட ஒன்று அனேகமாக எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் சொந்தப் பெயரில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி பாக்கெட் போடும் அன்பர்கள் லேபிளுக்கான படத்தையும் அதே திரையில்தான் திருத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்புகிறவர்கள் சரக்கின் படத்தை அதில் பார்த்தே சரி என்கிறார்கள். பில் போட எந்தத் திரையும் போதும். படம் திருத்த எந்தத் திரையும் போதாது.

திரை நீலம் கலந்து காட்டினால் நம் கை தானாக மஞ்சளைக் கூட்டும். திரை அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தால் படத்தைக் குறைத்து வைப்போம். அச்சில் அது கறுத்து வரும். "பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது" என்று அச்சகத்தில் எழும் சண்டைகளில் பாதிக்கு இதுவே காரணமாக இருக்கும். பிளாஸ்டிக் பிலிம் உறைகளை அச்சடிக்கும் கிராவியூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் தயாரிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிறம் பிடிக்கவில்லை என்றால் சிலிண்டருக்குக் கொடுத்த பணமும் நஷ்டம், ஓடி முடிந்த ரோலும் நஷ்டம். மிளகாய்த்தூள் படத்தில் சிவப்பு மிஞ்சினால் இன்னொரு தொல்லையும் உண்டு: சாயம் கலந்த சரக்கோ என்று வாங்குபவர் ஐயப்படுவார்.

ஆகவே திரை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது விலையோ அங்குலமோ அல்ல, பேனல் என்ன வகை என்பதே. பழைய, விலை மலிந்த திரைகள் பல டி.என். வகை. இவற்றில் தலையைச் சற்றுச் சாய்த்தாலே நிறம் மாறும். வி.ஏ. வகையில் கறுப்பு நன்றாக விழும். 3000-க்கு 1 என்ற அளவுக்கு ஒளி வேறுபாடு கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் நிழல் பகுதிகள் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகையில் கறுப்பு அவ்வளவு ஆழமில்லை, பொதுவாக 1000-க்கு 1 தான். இருந்தாலும் முதலாளியும் டிசைன் செய்யும் பையனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் இருவருக்கும் ஒரே நிறம் தெரியும். நம் வேலைக்கு ஐ.பி.எஸ். தான் ஏற்றது.

அடுத்தது, திரை எத்தனை நிறங்களைக் காட்டவல்லது என்பது. 1996-இல் எச்.பி., மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் அளவுகோல்தான் இன்றும் சாதாரணப் படங்களுக்குப் பொது அளவு. விவரக்குறிப்பில் "எஸ்.ஆர்.ஜி.பி. 99 சதவீதம்" அல்லது 100 என்று இருக்க வேண்டும். "45 சதவீதம் என்.டி.எஸ்.சி." என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது எஸ்.ஆர்.ஜி.பி. கணக்கில் 60 சதவீதத்துக்குச் சற்றே மேல். மஞ்சளும் சிவப்பும் சோகை பிடித்தாற்போல் தெரியும். 72 சதவீத என்.டி.எஸ்.சி. என்றால் ஏறக்குறைய முழு எஸ்.ஆர்.ஜி.பி. பரப்புக்குச் சமம். பி-3, அடோப் ஆர்.ஜி.பி. என்று இன்னும் அகன்ற நிறப்பரப்பு உள்ள திரைகளும் உண்டு. அவற்றைச் சரியாக அமைக்கத் தெரியாவிட்டால் சாதாரணப் படம்கூடத் திருவிழா விளக்குப்போல் ஜொலிக்கும். அவை அச்சகக்காரர் வாங்க வேண்டியவை. நமக்கு வீண் செலவு. அதேபோல் 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரை என்பவையெல்லாம் பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்தவை.

அளவு 24 அங்குலம், 1920-க்கு 1080 புள்ளிகள் இருந்தால் போதும். 27 அங்குலம் வாங்குவதானால் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதைப் பார்க்கவும். இல்லாவிட்டால் லேபிளின் அடியில் உள்ள பொடி எழுத்துகள் பிசிறடிக்கும்.

கடைக்குப் போகும்போது நம் பாக்கெட் ஒன்றையும், அதன் படத்தைப் பென்டிரைவிலும் கொண்டு போகவும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்றும் அதில் இருக்கட்டும். ஷோரூமில் திரையை எப்போதும் பளபளப்பாக வைத்திருப்பார்கள். மெனுவில் எஸ்.ஆர்.ஜி.பி. முறைக்கு மாற்றச் சொல்லிப் பிறகு பாருங்கள். சாம்பல் பட்டையில் பச்சையோ சிவப்போ சாயல் தெரிந்தால் அந்தத் திரை வேண்டாம். சில திரைகளில் இந்த முறைக்கு மாற்றினால் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாமல் பூட்டிக்கொள்ளும். அதை அங்கேயே சோதித்துவிட வேண்டும். விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார்.

வாங்கி வந்தபின்தான் உண்மையான வேலை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்கிறோம் அல்லவா? திரையும் நாளடைவில் நிறம் பிறழும். கலரிமீட்டர் என்னும் சிறு கருவியைத் திரையின் மேல் வைத்தால் அது அளந்து திருத்திக் கொடுக்கும். ஸ்பைடர், கேலிப்ரைட் என்ற பெயர்களில் கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை போதும் என்பதால் ஒரே தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெண்மை 6500 கெல்வின், வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்று அமைத்தால் அச்சுக்கு ஒத்து வரும். புதுத் திரைகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் இதைப்போல் இரண்டு மடங்கு பளிச்சென்று இருக்கும். திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்து நிறம் பார்க்கவும். மாலையில் திரை மஞ்சளிக்கும் "நைட் லைட்" வசதியை அணைத்துவிடவும். இது ஒன்றை மறந்தாலே மேலே சொன்ன அத்தனையும் வீண். வாசல் வெயில் நேராகத் திரையில் விழக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் தெரியும் சில பளீர் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மை அச்சில் வரவே வராது. அச்சகத்தாரிடம் அவர்கள் இயந்திரத்துக்குரிய ஐ.சி.சி. கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பிலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் அதை ஏற்றினால் அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே திரையில் காணலாம். அதன்பின் ஒரு மாதிரி அச்சு எடுத்து, டியூப் லைட்டில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் சரக்கையே பக்கத்தில் கொட்டி வைத்து ஒப்பிட்டு, அதன் மேல் கையெழுத்திட்ட பிறகே சிலிண்டருக்கு உத்தரவு கொடுக்க வேண்டும்.

பில் விஷயம் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. சிறிய திரைகளுக்கு 2019 முதலே 18 தான். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் வாங்கினால், வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எத்தனை புள்ளிகள் செத்துப்போனால் திரையை மாற்றித் தருவார்கள் என்பதையும் வாரண்டி அட்டையில் படித்துப் பார்த்துவிட்டே பணம் கட்டவும்.