மாடல் ரயில் கண்காட்சிக்குப் போகிறீர்களா? பயனுள்ள 14 குறிப்புகள்

பிரிட்டனில் மாடல் ரயில் கட்டுவது பல தலைமுறைகளாக வேரூன்றிய கலை. லண்டனில் உள்ள 'தி மாடல் ரயில்வே கிளப்' 1910-ல் தொடங்கப்பட்டது. வார இறுதிகளில் பள்ளிக்கூட அரங்கிலும் சர்ச் ஹாலிலும் உள்ளூர் கிளப்புகள் சிறு கண்காட்சிகள் நடத்துகின்றன. லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் வழக்கமாக மார்ச் மாதம் பெரிய கண்காட்சி ஒன்று நடக்கும். பிரிட்டனில் குடியிருக்கும் நம்மவர்களும், மகன் மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோரும் பேரக்குழந்தைகளோடு போய்வர அருமையான இடம். சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் 'ரயில் ஓடுகிறது' என்பதற்கு மேல் எதுவும் மனதில் நிற்காது. என்ன பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால், ஒரே மேஜை முன்னால் அரை மணி நேரம் நிற்பீர்கள்.

1. முதல் தடவை சின்னக் கண்காட்சி போதும். கைக்குழந்தை, சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் உள்ளூர் கிளப் கண்காட்சியில் தொடங்குங்கள். கூட்டம் நெருக்காது. லேஅவுட் (மேஜைமேல் அமைத்த மாடல் ரயில் காட்சி) கட்டியவர்களும் நிதானமாகப் பேசுவார்கள். பெரிய கண்காட்சிக்குப் போவதென்றால் சனிக்கிழமை காலையைத் தவிருங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் நெரிசல் குறையும்.

2. முதுகுப் பையை முன்னால் மாட்டுங்கள். நடைபாதை குறுகலாக இருக்கும். நீங்கள் திரும்பும்போது முதுகுப் பை பக்கத்தில் நிற்பவர் முகத்திலோ, மேஜை விளிம்பிலோ இடிக்கும். சிறு பிள்ளைகள் ஏறி நின்று பார்க்க, மடக்கி எடுத்துப்போகும் முக்காலி ஒன்று இருந்தால் உங்கள் இடுப்பு பிழைக்கும்.

3. முதல் சுற்று வேகமாக, இரண்டாம் சுற்று நிதானமாக. நுழைவுச் சீட்டோடு கையேடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த லேஅவுட் எங்கே என்ற வரைபடம் அதில் இருக்கும். ஒரு சுற்று நடந்து, மனதுக்குப் பிடித்த மூன்று நான்கை மட்டும் பேனாவால் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நேரம் கொடுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று ஓடினால் ஒன்றையும் பார்த்ததாக ஆகாது.

4. அளவு எழுத்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் அதிகம் காண்பது 'ஓஓ': நிஜ அளவில் 76-ல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பதால் ஆறடி ஆள் 24 மி.மீ. உயரம் இருப்பார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலானது 'எச்ஓ': 87-ல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மி.மீ.தான். 'என்' இன்னும் சிறியது; தண்டவாள அகலம் 9 மி.மீ. 'ஓ' பெரியது, 32 மி.மீ. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த 'இசட்' அளவில் அகலம் 6.5 மி.மீ. மட்டுமே.

5. குனிந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் மேஜையும் கூரைகளும்தான் தெரியும். பிளாட்பாரத்தில் நிற்கும் பொம்மை மனிதரின் உயரத்துக்குக் கண்ணை இறக்கினால், எஞ்சின் உங்களை நோக்கி வரும். குழந்தைகளுக்கு இந்த உயரம் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. அவர்களை எப்போதும் தூக்கிக் காட்ட வேண்டியதில்லை.

6. அறிமுகப் பலகையைப் படியுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு என்று அதில் எழுதியிருக்கும். பல லேஅவுட்டுகள் இன்று இல்லாத கிளைப் பாதைகளைக் காட்டுபவை. 1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து பிரிட்டனில் ஏராளமான கிராமத்து ரயில் நிலையங்கள் மூடப்பட்டன. பழைய வரைபடத்தையும் புகைப்படத்தையும் வைத்து அந்த நிலையங்களைச் செங்கல் செங்கலாக மீண்டும் எழுப்புகிறார்கள். பலகையைப் படித்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஊரின் கதை உங்கள் முன் விரியும்.

7. கடைசிப் பெட்டியின் விளக்கைத் தேடுங்கள். நம் ரயில்களின் கடைசிப் பெட்டியில் 'எல்வி' பலகை தொங்குவதுபோல, பிரிட்டிஷ் வண்டியின் வாலில் சிவப்பு விளக்கு இருக்கும். அதைப் பார்த்தால்தான், வழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை, வண்டி முழுதாக வந்துவிட்டது என்று சிக்னல்காரருக்கு உறுதியாகும். நீராவி எஞ்சினின் முகத்தையும் கவனியுங்கள். இருபுற பஃபர்களின் மேலும் தலா ஒரு விளக்கு என்றால் எக்ஸ்பிரஸ். புகைபோக்கியின் அடியில் ஒன்றே ஒன்று என்றால் சாதாரணப் பயணிகள் வண்டி. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துச் சொல்வார்கள்.

8. மணியோசைக்குக் காது கொடுங்கள். சில லேஅவுட்டுகளில் இருமுனை ஆட்களும் நிஜ சிக்னல்காரர்களைப்போல மணி அடித்துத்தான் வண்டி அனுப்புவார்கள். ஒரு தட்டு: 'கவனி'. தொடர்ந்து நான்கு தட்டு: 'எக்ஸ்பிரஸ் அனுப்பலாமா?' எதிர்முனை அதையே திருப்பி அடித்தால் சம்மதம். இரண்டு தட்டு: 'வண்டி புறப்பட்டுவிட்டது'. இரண்டு தட்டி, சற்று நிறுத்தி ஒன்று: 'வந்து சேர்ந்தது, பாதை காலி'. இது புரிந்துவிட்டால், கைகாட்டி இறங்குவதற்கு முன்பே என்ன வண்டி வரப்போகிறது என்று நீங்களே சொல்லலாம்.

9. வேகத்தை அளந்து பாருங்கள். நல்ல லேஅவுட்டின் அடையாளம் நிதானம். ஓஓ அளவில் 30 கி.மீ. வேக கூட்ஸ் வண்டி, ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 9 விநாடி எடுக்கவேண்டும். 100 கி.மீ. எக்ஸ்பிரஸுக்கே சுமார் 2.7 விநாடி வேண்டும். உலுக்கல் இல்லாமல் ஊர்ந்து புறப்படும் எஞ்சினைக் கண்டால், அதன் பின்னால் சுத்தமான தண்டவாளமும் பொறுமையான கையும் இருக்கின்றன என்று அறியுங்கள்.

10. வண்டி மறையும் இடத்தைக் கவனியுங்கள். பாலம், சுரங்கம், மரக்கூட்டம் என்று ஏதோ ஒன்றின் அடியில் வண்டி மறையும். பின்புறத் திரைக்கு அப்பால் பல தடங்களில் அடுத்தடுத்த வண்டிகள் காத்திருக்கும் யார்டு உண்டு. அனுமதி கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். தூரத்தைக் காட்டும் கலைக்கு, மாடல் ரயில்வே கிளப்பின் 'கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்' சிறந்த உதாரணம். லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு வடக்கே உள்ள பகுதியை அது காட்டுகிறது. பின்னால் போகப் போக வீடுகளின் அளவைக் குறைத்துக்கொண்டே போய், சில அடி ஆழத்தில் ஒரு நகரத்தையே விரித்திருக்கிறார்கள்.

11. ஷண்டிங் புதிரை விளையாடிப் பாருங்கள். ஆலன் ரைட் உருவாக்கிய 'இங்கில்நுக் சைடிங்ஸ்' மிகச் சிறிய லேஅவுட். மூன்று தடங்களில் ஒன்றில் 5 வேகன்களுக்கும் மற்ற இரண்டில் தலா 3 வேகன்களுக்கும் இடம் இருக்கும். நிற்பது மொத்தம் 8 வேகன்கள்; அவற்றில் சீட்டு எடுத்து வரும் ஐந்தை அதே வரிசையில் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் சாத்தியம் என்பதால் அலுக்காது. சில இடங்களில் கன்ட்ரோலரைப் பிள்ளைகள் கையிலும் கொடுப்பார்கள்; விசாரியுங்கள்.

12. தொடாதீர்கள், ஆனால் கேளுங்கள். பெரும்பாலான லேஅவுட்டுகளில் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. விரல் பிசுக்கு பட்டாலே எஞ்சின் திக்கும். வண்டி தடம் புரண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். ஓட்டம் சீரானதும் 'இந்த மரத்தை எப்படிச் செய்தீர்கள்?' என்று குறிப்பாகக் கேளுங்கள். முகம் மலர்ந்து விளக்குவார்கள்.

13. படம் எடுக்க ஃப்ளாஷ் வேண்டாம். ஃப்ளாஷ் அடித்தால் லேஅவுட்டின் விளக்கு அமைப்பு வெளுத்துப்போகும், ஓட்டுபவர் கண்ணும் கூசும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்டவாள மட்டத்துக்கு இறங்கும். படம் நிஜ ரயில்போல வரும். லேஅவுட்டின் மேல் கையை நீட்டாமல் எடுங்கள்.

14. கடைகளைக் கடைசியில் பாருங்கள். பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். வீட்டில் உள்ள தண்டவாளத்தின் அளவும், கன்ட்ரோலர் சாதாரண வகையா டிஜிட்டலா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆசை வளர்ந்துவிட்டால், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட், அழிந்துகொண்டிருந்த கிராமத்து வீடுகளைச் சிற்றுருவிலாவது காப்பாற்ற வேண்டும் என்று தொடங்கியது அது. இந்தியாவில் இருப்பவர்களுக்குப் புனே கோத்ரூட்டில் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டுக்கும் புறப்படும் முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.